கைப்பிடி அறுத்த கதவு

மகாவலி ஆற்றில்கூட முழங்காலுக்கு மேல் இறங்காதவன் நான். மலைநாட்டு அலவத்துகொடயிலிருந்து கிளம்பிப் போய்க் கடற்படையில் சேர்ந்தேன். எந்தப் புத்தி அப்படிச் செய்யச் சொன்னதோ. கிடைத்ததோ ஒரு கண்ணிவாரிக் கப்பல். உலக யுத்தம் முடிந்து வெள்ளைக்காரன் கைமாற்றிவிட்ட பழசு. கடலுக்கடியில் மிதக்கும் வெடிகண்ணிகளின் சங்கிலியை, பின்னால் இழுத்துப் போகும் கம்பியால் அறுப்பதுதான் அதன் வேலை. அந்த நேரத்தில் எல்லோரும் மேல்தளத்துக்கு வந்துவிட வேண்டும். இன்ஜின் ரூமில் இருந்த எங்களுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. எங்கள் இரும்புக் கதவை வெளியிலிருந்து இறுக்கிப் பூட்டிவிடுவார்கள். கண்ணி வெடித்தால் தண்ணீர் எங்களோடு நின்றுவிடும், கப்பல் பிழைக்கும்.

ஒவ்வொரு முறையும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் கதவின் வெளிப்பக்கக் கைப்பிடியை அறுத்துக் கடலில் போட்டேன். துருப்பிடித்து விழுந்துவிட்டது, இனி உள்ளிருந்து நாங்களே பூட்டிக்கொள்கிறோம் என்று மேலதிகாரிகளிடம் சொன்னேன். நம்பினார்கள்.

லீவில் ஊருக்கு வந்தால் நான்தான் சிங்கம். தேத்தண்ணிக் கடையில் உட்காரக் கதிரை இழுத்துப் போடுவார்கள், நானும் வாய்க்கு வந்தபடி அளப்பேன். அதைக் கேட்டே என் மகன் வளர்ந்தான். கப்பல் கிழடானதும், கடலுக்குள் இறங்கிச் சுழியோடுபவர்கள் பார்க்கட்டும் என்று திருகோணமலைக் கடலில் அதை மூழ்கடித்தார்கள். மகனும் அந்தச் சுழியோடும் தொழிலுக்கே போய்ச் சேர்ந்தான். ஒருநாள் காலை அங்கிருந்து போன் எடுத்தான்.

"வாப்பா, இண்டைக்கி உங்கட இன்ஜின் ரூமுக்குள்ள போறேன். கதவு திறந்துதான் இரிக்கி. கூட்டாளி வெளிய நிப்பான்."

நீரோட்டத்தில் அந்தக் கதவு சாத்திக்கொண்டால் வெளியில் நிற்பவன் எதைப் பிடித்துத் திறப்பான்? உள்கைப்பிடியும் இத்தனை வருடத்தில் இறுகிப் போயிருக்கும். உண்மையைச் சொன்னால் ஊரில் சேர்த்த பேரெல்லாம் போய்விடும். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொன்னார்கள். அல்லாஹ்வே, ஒரு கணம் நான் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"உள்ள போகாதீங்க மகன்," என்றேன். கைப்பிடியை அறுத்ததை, பயந்து பயந்து செத்ததை, எல்லாவற்றையும் சொன்னேன்.

போனில் அவன் படகின் இன்ஜின் சத்தத்தோடு வேறொரு சத்தமும் கேட்டது. பிறகுதான் அவன் அழுகிறான் என்று விளங்கியது.

"எனக்கும் பயம்தான் வாப்பா. முதல் நாளிலயிருந்தே பயம். உங்கட மகனா இருந்துகொண்டு அத எப்பிடிச் சொல்ற எண்டுதான் இவ்வளவு நாளும் இறங்கினேன்."