மண்டபத்துக்கு வந்த எங்கள் வீட்டு வைஃபை

சென்ற ஞாயிறு பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்துப் பேசினேன்.

என்னைத் தெரிந்தவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிப்பார்கள். பஸ்ஸில் 'ஒரு ஆவடி' என்று டிக்கெட் கேட்பதற்கே தொண்டையைச் செருமிக்கொள்கிற ஆள் நான். ஸ்டாப் தாண்டிவிட்டாலும் கண்டக்டரைக் கூப்பிட மாட்டேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடப்பேன். அப்படிப்பட்டவன் மைக் வரைக்கும் போகக் காரணம் — ஒரு டிராவல் ரவுட்டர்.

இரண்டு தீப்பெட்டியைச் சேர்த்து வைத்த அளவில் இருக்கும். ஓரிடத்தில் வருகிற வைஃபையை வாங்கி, இன்னும் கொஞ்ச தூரத்துக்குக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

அண்ணன் மகள் கவிதாவுக்குக் கல்யாணம். அவளுடைய அண்ணன் பிரபு கத்தாரில் இருக்கிறான். லீவு கிடைக்கவில்லை. "தாலி கட்டுறதையாவது வீடியோ கால்ல காட்டிடு சித்தப்பா. வேற எதுவும் கேக்கல" என்றான். குரல் சரியில்லை. நான் 'ம்' என்றேன். என் அகராதியில் அது சத்தியம்.

முன்கூட்டியே போய் மண்டபத்தைப் பார்த்தேன். தகரக் கூரை. உள்ளே டவர் சுத்தமாக இல்லை. ஆபீஸ் அறையில் வைஃபை இருந்தது; அது ஹால் வாசலோடு நின்றுவிட்டது. அதனால்தான் இந்தப் பெட்டி. நடுத்தூணில் கட்டிவிட்டால் மேடை வரைக்கும் எட்டும்.

செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தேன். நெட்வொர்க் பெயர் கேட்டது. பாஸ்வேர்டு கேட்டது. கீழே, 'பெயரை மறைத்து வை' என்று சொல்ல ஒரு கட்டம். அதை டிக் செய்தால் ரவுட்டர் தன் பாட்டுக்கு வேலை செய்யும், ஆனால் யார் கண்ணுக்கும் தெரியாது. இப்படி ஒரு வசதி மனிதனுக்கு இல்லையே... என்று கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, என்ன பெயர் வைப்பது? மேடையில் போனைப் பிடிக்கப் போவது என் மனைவி ராணி. அவள் போனில் நான் புதிதாக எதுவும் செய்யக் கூடாது. ஒருமுறை அப்டேட் செய்யப் போய் அவளுடைய அலாரம் காணாமல் போனது; அது இன்னும் பேசப்படுகிறது.

ஒரு வீடியோவில் வழி சொன்னார்கள். வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே இதற்கும் கொடுங்கள். போன் அதை வீடு என்று நினைத்துத் தானாக ஒட்டிக்கொள்ளும்.

அருமை! 'ராணி வீடு' என்று கொடுத்தேன். அதே பாஸ்வேர்டு. யாரிடமும் கேட்க வேண்டாம், யாருக்கும் சொல்ல வேண்டாம். எனக்காகவே கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

கல்யாணத்தன்று காலை படம் கண்ணாடி போல வந்தது. பிரபு அங்கே தன் அறையில் பட்டு வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தான். கவிதா மேடைக்கு வந்ததும், "பொடவ சூப்பரா கீதுடி" என்றான். "நீ மொதல்ல தலைய வாரு" என்றாள் மணப்பெண்.

அப்புறம் ஆவடியிலிருந்து வேன் வந்தது. அண்ணனும் நானும் ஒரே ஃபேக்டரி, ஒரே குவார்ட்டர்ஸ். எங்கள் லைன் முழுக்க வந்து இறங்கியது. உட்கார்ந்தது.

பிரபுவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. வாய் முதலில் அசைந்தது, வார்த்தை பிறகு வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. ராணி மேடையிலிருந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு டவர் தேவையில்லை.

தூணுக்கு ஓடினேன். பெட்டியில் விளக்கெல்லாம் ஒழுங்காக எரிந்தது. பக்கத்து நாற்காலியில் கீழ்வீட்டு குமார், யாரோ பரோட்டா வீசுவதைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணாத்தே, ஊட்டு வைஃபைய கையோட தூக்கினு வந்துட்டியா? வந்து குந்துனதும் தானா ஒட்டிகிச்சு!"

"குமாரு... ஒனக்கு மட்டுமா?"

"எனக்கு மட்டுமா? அங்க பாரு. நம்ம லைனே அதுலதான் கீது."

பார்த்தேன். வரிசை வரிசையாகக் குனிந்த தலைகள்.

முன்பு ஒருநாள் பக்கத்து வீட்டு வசந்தா அக்கா, மகளுக்கு ஆன்லைன் கிளாஸ் என்று எங்கள் வீட்டு பாஸ்வேர்டு கேட்டார். மேல்வீட்டு தென்காசிக்காரர் பேரனைப் பார்க்க வேண்டும் என்றார். குமார் காரணமே சொல்லவில்லை, சும்மா கேட்டார். முடியாது என்று சொல்ல வாய் வராமல் எல்லாருக்கும் கொடுத்திருந்தேன் — வருஷக்கணக்காக.

இப்போது என்ன செய்வது? பாஸ்வேர்டை மாற்றினால் ராணியின் போனும் கழன்றுவிடும். மேடையேறி, அதை வாங்கி, மறுபடி அடிக்க வேண்டும். ஒவ்வொருவராகப் போய்ச் சொல்லலாமா? அதற்குள் ஐயர் தாலித் தட்டை ஆசீர்வாதத்துக்கு அனுப்பிவிட்டார். அது வரிசை வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு கையால் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இன்னொரு கையில் போன். தட்டு மேடைக்குத் திரும்பினால் கெட்டிமேளம்தான்.

நாதஸ்வரக்காரர் பக்கத்தில் மைக் இருந்தது. கால்கள் என்னைக் கேட்காமல் போயின.

"வணக்கம்... 'ராணி வீடு' வைஃபைல இருக்கறவங்க... தயவுசெஞ்சு ஆஃப் பண்ணுங்க. பிரபு அங்கேருந்து தங்கச்சி கல்யாணத்தப் பாக்கணும். அவ்ளோதான்."

தவில் நின்றுவிட்டது. குமார்தான் முதலில் எழுந்தார்.

"கேக்கல? அண்ணாத்தேவே வாயத் தொறந்து பேசிட்டாரு! ஆஃப் பண்ணுங்கப்பா!"

போன்கள் சட்டைப் பைக்குள்ளும் ஹேண்ட்பேக்குக்குள்ளும் போயின. மண்டபமே நிமிர்ந்து மேடையைப் பார்த்தது. ராணி தலையசைத்தாள்.

கெட்டிமேளம் கொட்டும்போது நானும் மேடைக்குப் போய் அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். பிரபுவின் முகம் தெளிவாக இருந்தது. திடீரென்று திரை மஞ்சளாகிவிட்டது. மறுபடியும் போச்சா என்று பதறினேன். போகவில்லை. அங்கிருந்தே அட்சதை போட்டிருக்கிறான்; அது அவன் போன் மேலேயே விழுந்திருக்கிறது.

முன்பின் தெரியாதவரை உள்ளே விடாதே என்று ரவுட்டருக்குச் சொல்லிவைக்கத் தனிப் பக்கமே இருக்கிறது. தெரிந்தவர்களை என்ன செய்வது? அதற்கு எந்த செட்டிங்ஸிலும் இடமில்லை. வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் கேட்கவும் செய்கிறார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி.

அந்தத் தெம்போடு பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்து இலையில் மாப்பிள்ளையின் பெரியப்பா, ஐயப்பன்தாங்கல்காரர்.

"மைக்ல பேசுனது நீங்கதானே சம்பந்தி? நல்லா பேசுனீங்க. இங்க டவரே இல்ல பாருங்க... அந்த வைஃபை பாஸ்வேர்டு இன்னா?"

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

எங்கள் வீட்டு பாஸ்வேர்டு இப்போது ஐயப்பன்தாங்கல் வரைக்கும் தெரியும்.