ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடாத ஊர்

போகாத ஊருக்கு வழி சொல்வதுதான் என் தொழில். அதற்கு மாதச் சம்பளமும் தருகிறார்கள். புதுச்சேரியில் ஒரு சின்ன டிராவல்ஸ் ஆபீஸ், கண்ணாடிக் கதவுக்கு நேர் எதிரே என் மேஜை. எங்களிடம் பாரிசுக்கு டிக்கெட் போடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் லண்டனில் பிள்ளைகள் வேலை பார்க்கும் குடும்பங்களும், பாரிசிலிருந்து கடலடிச் சுரங்க ரயிலில் இங்கிலாந்துப் பக்கம் எட்டிப் பார்க்க நினைப்பவர்களும் ஒன்று கேட்பார்கள். "அழகா ஒரு இங்கிலீஷ் கிராமம், காலைல போயி சாயந்திரம் திரும்பற மாதிரி." அந்த இலாகா என்னுடையது.

நான் எல்லோரையும் அனுப்புவது ஒரே கிராமத்துக்கு. பெயரைச் சொன்னால் நீங்களும் வந்து நிற்பீர்கள், அதனால் சொல்ல மாட்டேன். தேன் நிறக் கல்லில் கட்டிய வீடுகள், கூரை ஓடுகூடக் கல், தெருவை ஒட்டியே ஓடும் ஓடை, அதில் வாத்துகள். நான் இதுவரை விமானமே ஏறியதில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் அந்தத் தெருவில் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். எந்த ஜன்னலில் என்ன பூ என்றுகூடச் சொல்வேன். சொந்தக்காரர்களுக்காக எப்போதாவது ஒரு டூர் திட்டம் போட்டுக் கொடுத்து, கடைசியில் "உன்ன யாரு கேட்டா?" என்ற பேச்சையும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இருந்தால், வாருங்கள், பக்கத்து நாற்காலி உங்களுக்குத்தான்.

ஆளில்லாத ஆடுகள்

பாகூர் பக்கத்து விவசாயி ஒருவர், மகன் வற்புறுத்தியதால் வந்திருந்தார். வயல், ஓடை, மாடு, ஆடு என்று நான் படம் படமாகக் காட்டக் காட்ட அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. "இதெல்லாம் எங்க ஊர்ல இல்லாததா? இதப் பாக்கவா பிளேன் ஏறணும்?" என்றார். நியாயமான கேள்விதான். மகன் சிரித்து மழுப்பி டிக்கெட்டைப் போட்டுவிட்டான்.

திரும்பி வந்ததும் நேராக ஆபீசுக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன். அவரோ உட்கார்ந்து, அந்த ஊர்ப் புல்லின் பச்சையை, கல்லை அடுக்கியே கட்டிய வேலிச் சுவரை, ஓடைத் தண்ணீர் அடித்தரை தெரிகிற அளவு தெளிவாக இருப்பதை, தன் சொந்த நிலத்தைப் பற்றிச் சொல்வதுபோல் பெருமையாகச் சொன்னார். ஒன்று மட்டும் அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "அவ்ளோ ஆடு மேயுதும்மா, மேய்க்கற ஆளையே காணோம். அந்த ஊர்ல ஒருத்தனும் கறி தின்ன மாட்டானா?"

சொல்தாவின் சான்றிதழ்

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா, மனைவியின் ஆசைக்காக வேண்டா வெறுப்பாக வந்தார். பிரான்சில் இல்லாத கிராமமா, இங்கிலீஷ்காரனுக்குச் சமைக்கத் தெரியுமா, காபி போடத் தெரியுமா என்று அரை மணி நேரம் என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார். நான் என்னவோ இங்கிலாந்து ராஜாவுக்குத் தூரத்துச் சொந்தம் போல. எனக்கும் கோபம் வந்தது. மனைவி மேஜைக்குக் கீழே என் கையைப் பிடித்து அமுக்கியதால் அடக்கிக்கொண்டேன்.

போய் வந்தவர் போனை நீட்டினார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போட்டோ. வாத்துகளுக்குத் தனித்தனி போட்டோ. ஒரு வீட்டு வாசலில் அவரே ரோஜாக் கொடிக்குக் கீழே வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிறார். எப்படி இருந்தது என்று கேட்டேன். சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு, ரொம்ப அழகு என்பதைப் பிரெஞ்சிலேயே சொன்னார். "த்ரே போ, மதாம். அவ்ளோ அழகான ஊரக் கொண்டுபோயி இங்கிலீஷ்காரன் கையில குடுத்து வெச்சிருக்கான் பாரு கடவுள்!"

கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம்

இனி சொல்லப்போவதெல்லாம் ஒரே குடும்பத்தின் கதை. உப்பளத்து அஞ்சலை அக்கா. கணவர் கலியபெருமாள் அண்ணன் துணி மில்லில் தறி ஓட்டியவர்; மில் மூடிய பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன். ஒரே மகள் புவனா லண்டனில் நர்ஸ். மகளைப் பார்க்கப் போகிறார்கள், டிக்கெட் போட்டாயிற்று. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அண்ணனை வெளியே வண்டியருகில் நிற்கவைத்துவிட்டு அக்கா மட்டும் உள்ளே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

புவனா, டேனியல் என்று ஒரு வெள்ளைக்காரப் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள். அப்பா சம்மதித்தால்தான் கல்யாணம் என்றும் சொல்லிவிட்டாள். அப்பாவோ பிடி கொடுக்கவில்லை. ஜாதி, மதம் என்று அவர் வாயைத் திறக்கவே இல்லையாம். "ஒரு வார்த்தை பேச முடியாத சம்பந்திய வெச்சிக்கிட்டு நான் இன்னா பண்றது? நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா யார்கிட்ட போயி நிக்கறது?" என்பதுதான் அவர் கேள்வி. டேனியலின் அம்மா தனியாக இருப்பது ஒரு கிராமத்தில். நாயை விட்டுவிட்டு லண்டனுக்குக்கூட வர மாட்டாராம். எந்தக் கிராமம் என்று கேட்டேன். என் கிராமமேதான்! என் சொந்த ஊரில் சம்பந்தம் பேசப் போகிறார்கள் என்றதுபோல் மனசு துள்ளியது.

அக்காவின் யோசனை இது. ஊர் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லி அண்ணனை அங்கே கூட்டிப்போக வேண்டும். வாத்து, ஓடை எல்லாம் பார்த்தபின் தற்செயலாகப் போவதுபோல் அந்த வீட்டு வாசலில் கொண்டு நிறுத்த வேண்டும். அதற்கு நான் திட்டம் போட வேண்டும். கதவுக்கு வெளியே அண்ணன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குரலை அடக்கி அக்காவுக்குக் கண் காட்டினேன். அக்கா துளியும் அசரவில்லை. "கதவு சாத்தி இருக்குது, ஏசி ஓடுது. அவருக்கு ஒண்ணும் கேக்காது, நீ தைரியமாப் பேசு பாப்பா."

மூடிக்கிடக்கும் ஞாயிறு

புவனாவுக்கு விடுமுறை கிடைத்தது ஒரே ஒரு ஞாயிறு. சரி என்று ரயிலைப் பார்த்தேன். லண்டனிலிருந்து பக்கத்து டவுன் ஸ்டேஷன் வரை வண்டி உண்டு. அங்கிருந்து கிராமத்துக்குப் பஸ். அதுதான் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. நம் ஊரில் ஞாயிறு என்றால் கடற்கரைக்குக் கூட்டம், கூடுதல் வண்டி, படியில் தொங்கல். அங்கே பஸ்ஸும் மனிதர்களைப் போல வாரம் ஒரு நாள் வீட்டில் படுத்துவிடுகிறது. அஞ்சலை அக்காவுக்கு இதைப் புரியவைப்பதற்குள் என் தொண்டை வற்றிவிட்டது.

டாக்ஸியை முன்கூட்டியே சொல்லி வைக்கலாம் என்று முடிவானது. அக்கா அடுத்து மாம்பழம், வெற்றிலை, புடவை எல்லாம் பெட்டியில் எந்த அடுக்கில் ஒளிப்பது என்று கேட்டார். முதல்முறை சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா? பழம், வெற்றிலையை எடுத்துப்போக விடமாட்டார்கள் என்றேன், புடவைக்குத் தடையில்லை. பஸ் விட மறுத்து, வெற்றிலைக்கும் தடை போட்ட அந்த நாட்டின் மேல் அக்காவுக்கு நல்ல கோபம். "கோயில் மாதிரி ஊரைக் கட்டி வெச்சிருக்கறவங்களுக்கு, ஞாயித்துக்கெழம ஒரு பஸ்ஸு விட வக்கில்லியா?"

மூன்று பேர்

கிளம்புவதற்குச் சில நாள் முன்பு கலியபெருமாள் அண்ணன் தனியாக வந்தார். தண்ணீர் கேட்டார், குடித்தார், சுவரில் இருந்த ஈபிள் டவர் படத்தைப் பார்த்தார். பிறகு, "அந்தக் கிராமத்துக்கு எத்தினி பேரு போறோம்?" என்றார். நீங்கள், அக்கா, புவனா, மூன்று பேர் என்றேன். "மூணு பேராப் போவக் கூடாது. நாலாவதா ஒரு ஆளப் பாரு."

உங்களுக்கும் தெரியும்தானே? சினிமாவுக்கோ கடற்கரைக்கோ போகும்போது நாம் யாரும் தலையை எண்ணுவதில்லை. பெண் பார்க்க, மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும்போதுதான் மூன்று பேராகப் போகக் கூடாது என்போம். ஊர் சுற்றப் போகிறவருக்கு எதற்கு நாலாவது ஆள்? "அண்ணே, உங்களுக்கு..." என்று இழுத்தேன். "தறி ஓடற எடத்துல காதுக்கு இன்னா வேல? வாய் அசையறதப் பாத்துதான் பேச்சே. அன்னிக்கு இந்தக் கண்ணாடி வழியா நீங்க ரெண்டு பேரும் பேசுனது பூரா எனக்குத் தெரியும்" என்றார்.

அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. அவரோ கோபமே படவில்லை. கல்யாணத்துக்கு இன்னும் சரியென்று சொல்லவில்லை, ஆனால் போவதென்று ஆகிவிட்டால் முறையாகத்தான் போக வேண்டும் என்றார். அஞ்சலையிடம் இதைச் சொல்லாதே, எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள், அது அப்படியே இருக்கட்டும் என்றார். என்ன மனிதர்! எனக்கு எழுந்து கும்பிட வேண்டும் போலிருந்தது. சில வீடுகளில் மூன்று பேராகப் போக நேர்ந்தால் ஒரு கல்லை எடுத்துப் பையில் போட்டு நாலாவது ஆளாக வைத்துக்கொள்வார்கள். அதைச் சொல்ல நான் வாயெடுக்கும் முன்பே, வாசலில் செருப்பை மாட்டியபடி திரும்பினார். "கல்லை எடுத்துப் பையில போட்டுக்கன்னு மட்டும் சொல்லாத பாப்பா. ஆளா இருக்கணும்."

டாக்ஸி வேண்டாம்

இங்கிலாந்தில் நாலாவது ஆளுக்கு நான் எங்கே போவேன்? இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகுதான் புத்தியில் பட்டது. புவனாவுக்குப் போன் போட்டு டாக்ஸியை ரத்து செய்யச் சொன்னேன். ஸ்டேஷனுக்கு டேனியலே காரோடு வரட்டும். அவள் பயந்து போனாள். "அப்பா அவரைப் பாத்ததும் அடுத்த ரயில்ல திரும்பிடுவாரு அக்கா" என்றாள். அப்படி நடந்தால் அவள் கல்யாணமும் திரும்பிவிடும். எனக்கும் அது தெரியும். ஆனால் அண்ணன் சொன்னதை வெளியே சொல்ல மாட்டேன் என்று மனசுக்குள் வாக்குக் கொடுத்திருந்தேனே. என்னை நம்பு என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஞாயிறு எங்கள் வீட்டில் எல்லோரும் என்னிடமிருந்து ஒதுங்கியே இருந்தார்கள். அங்கே காலை, இங்கே சாயங்காலம். காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. போன் வரவே இல்லை. ரயிலிலேயே திரும்பிவிட்டார்களோ, வாசல் வரை போய்ச் சண்டையோ என்று என்னென்னவோ நினைத்து, காரணமில்லாமல் என் கணவர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பஸ் இல்லாத ஊருன்ற, டவர் மட்டும் இருக்குமா?" என்றார்.

நாலு

திரும்பி வந்ததும் அஞ்சலை அக்கா ஆபீசுக்கே வந்து சொன்னார். ஸ்டேஷனில் மூன்று பேரும் இறங்கினார்கள். வெளியே டேனியல் நெடுநெடுவென்று நின்றுகொண்டிருந்தான். புவனா முகத்தில் ரத்தம் இல்லை. அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு விரலை நீட்டி மனைவியைத் தொட்டு ஒண்ணு என்றார். மகளைத் தொட்டு ரெண்டு. தன் நெஞ்சைத் தொட்டு மூணு. நேராகப் போய் அந்தப் பையன் நெஞ்சில் விரலை வைத்து, "நாலு" என்றார். அவனும் என்னவென்று தெரியாமலே பயபக்தியாக "நாலு" என்றானாம். அவ்வளவுதான், அண்ணன் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அக்காவுக்கு அங்கேயே புரிந்துவிட்டது. கார் போகிற வழியெல்லாம் அழுதாராம். சொல்லும்போதும் அழுதார், நானும் அழுதேன். கஸ்டமர் இரண்டு பேர் காத்திருந்தார்கள், இருக்கட்டுமே.

அந்த ஊரில் அவர்கள் ஓடையையும் சரியாகப் பார்க்கவில்லை, வாத்தையும் பார்க்கவில்லை. டேனியலின் அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காதாம். மற்றவர்கள் கத்திக் கத்தி ஓய்ந்து போனார்கள். அண்ணன் மட்டும் நாற்காலியை அவர் எதிரே இழுத்துப் போட்டு, மில்லில் பேசுவதுபோல் கையாலும் முகத்தாலும் பேச ஆரம்பித்தார். நாய்க்கு என்ன வயது, முழங்கால் எப்படி வலிக்கிறது, புருஷன் எப்போது போனார், எல்லாம் பேசினார்களாம். மகளின் கல்யாணத்தையும் அப்படியே பேசி முடித்துவிட்டார்கள். "இங்கிலீஷ் படிச்ச பொண்ணு பேசுனது அந்தம்மாவுக்கு ஒண்ணும் கேக்கல. இவரு பேசுனது மட்டும் அத்தனையும் புரிஞ்சிச்சி பாப்பா!"

அடுத்த திட்டம்

போன வாரம் அண்ணன் மறுபடி வந்தார். அந்த ஊர் பிஸ்கட் டப்பா ஒன்றை என் மேஜையில் வைத்தார். மூடியில் என் தெரு, என் ஓடை, என் வாத்துகள். நான் இத்தனை நாள் கம்ப்யூட்டர் கண்ணாடி வழியாகப் பார்த்த ஊரை விரலால் தடவிப் பார்த்தேன்.

கல்யாணம் இங்கே நம் ஊரில்தானாம். லண்டனுக்குக்கூட வராத அந்த அம்மா, நாயைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் புதுச்சேரிக்கு வருகிறாராம். அண்ணன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டார். "மாப்ளயும் சம்பந்தியம்மாவும் வராங்க. அவங்களுக்கு நம்ம ஊர்ல ஒரு நாள் சுத்திக் காட்டணும், திட்டம் போட்டுக் குடு. ஞாயித்துக்கெழமையாவே போடு. நம்மூர்ல பஸ்ஸு ஓடறத அவங்க பாக்கட்டும்."

போகாத ஊரின் ஜன்னல் பூ வரைக்கும் வழி சொல்லத் தெரிந்த எனக்கு, பிறந்து வளர்ந்த ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கே தொடங்குவது என்று இன்றுவரை பிடிபடவில்லை.