பாறை மேல் பதினொரு சதவீதம்

இன்னும் விலையே சொல்லாத ஒரு காருக்காகப் பக்கத்து வீட்டுக்காரரிடம் எட்டு மாதம் பேசாமல் இருந்திருக்கிறேன். திருப்பத்தூரில் எங்கள் வீட்டுச் சந்து குறுகல். அவர் வாசற்படி அதில் முக்கால் அடி துருத்திக்கொண்டு நிற்கும். வரப்போகிற அந்த மின்சார எஸ்.யூ.வி.யின் அகலத்தை யாரோ இணையத்தில் ஊகித்து எழுதியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சந்தின் அகலத்தை அளந்தேன். படியைக் கொஞ்சம் இடித்துக்கொள்ள முடியுமா என்று அவரிடமே கேட்டேன். எதற்கு என்றார். கார் வரும் என்றேன். எப்போது என்றார். அது கார் கம்பெனிக்கே தெரியாத விஷயம். அவர் சிரித்தார். நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் நான். வாரத்தில் ஆறு நாள் ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுப் பக்கம் குவார்ட்டர்ஸில் வாசம். என்னிடம் இருப்பது பதினான்கு வயதான ஒரு மோட்டார் சைக்கிள். அந்தக் காரின் ஒரு பக்கக் கண்ணாடியை வாங்க வேண்டுமென்றால்கூட நான் பி.எஃப்பில் கை வைக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. இளமையில் ருஷ்ய நாவல்களில் ஆரம்பித்து, நடுவயதில் தத்துவத்தில் கொஞ்சம் மூழ்கி எழுந்து, ஐம்பதை நெருங்கும்போது கார் விமர்சனக் காணொளிகளில் வந்து நின்றவன் நான். படிப்பு ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

அந்தக் காரைப் பற்றி எனக்கு மூன்று கேள்விகள் இருந்தன. ஒரே சார்ஜில் சென்னை போய்த் திரும்பலாம் என்கிறார்களே, அந்தக் கணக்கு மலையேறும்போது எவ்வளவு உதிரும்? முன்பக்கம் கிரில்லே இல்லாத அதன் முகம் நேரில் கம்பீரமாக இருக்குமா, இல்லை மூக்கை மறந்துவிட்டு வந்த மாதிரி இருக்குமா? மூன்றாவது, விலை. மூன்றுக்கும் ஒரு சனிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு, நேரலை அறிமுக விழாவில் பதில் சொல்வதாக அறிவித்திருந்தார்கள்.

அதற்கு இரண்டு நாள் முன்பு மலையில் காற்றும் மழையும். மலைப்பாதையில் பெரிய மரம் ஒன்று சாய்ந்து பஸ், ஜீப் எதுவும் ஏறவில்லை, இறங்கவில்லை. கம்பங்கள் விழுந்து கரண்டும் போயிற்று. சுகாதார நிலையத்தில் இன்வெர்ட்டர் உண்டு. அது தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கு மட்டும் என்று எங்கள் நர்ஸம்மா உத்தரவு போட்டிருந்தார். என் சார்ஜரைக் கண்ட மாத்திரத்தில் அவர் பார்த்த பார்வையில் நான் அதைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். எனவே போனை இரண்டு நாளாக அணைத்தே வைத்திருந்தேன். மனைவி கூப்பிட்டிருப்பாள். தலைபோகிற விஷயமாக இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை நோயாளிகள் கூட்டம் முடிந்ததும் பாறைக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் சிக்னல் கிடைப்பது அந்த ஒரே இடத்தில்தான். சாமைக் கொல்லையைத் தாண்டி, பலா மரத்தடியில் ஏறி, இரண்டாவது பாறையில், மலைக்குக் கீழே இருக்கிற ஆலங்காயம் பக்கம் பார்த்து நிற்க வேண்டும். திரும்பினால் போய்விடும். போனைப் போட்டேன். முப்பத்தொரு சதவீதம். என் கணக்குப்படி ஒன்றரை மணி நேர விழாவுக்குத் தாராளம்.

கணக்கு பத்தே நிமிடத்தில் பொய்த்தது. பலவீனமான சிக்னலை இழுத்து இழுத்துப் போன் சூடேறியது. மேடையில் கறுப்பு பனியன் போட்ட ஒருவர் பூமி, வானம், மனிதகுலத்தின் பொறுப்பு என்று பேசிக்கொண்டே இருந்தார். பின்னால் துணி போர்த்திய கார். துணி நகரவில்லை. சதவீதம் மட்டும் நகர்ந்தது. இருபத்தாறு. இருபத்திரண்டு.

நாலு மணிக்கு மேல், மாதாமாதம் என்னிடம் பிரஷர் மாத்திரை வாங்கும் ஒரு அம்மா பாறையடிக்கு வந்தார். கூடவே அவர் மகள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண். இருவருக்கும் மூச்சு வாங்கியது. நான் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் ஒரு விரலை உயர்த்திக் காட்டினேன். ஒரு நிமிடம் என்று அர்த்தம். நான் ஏதோ ஆபீஸ் வேலை பார்ப்பதாக அவர்கள் நினைத்திருக்க வேண்டும். அப்படியே நின்றார்கள். அதற்குள் துணி விலகியது, விளக்குகள் எரிந்தன, கைதட்டல். மூக்கு இல்லாவிட்டாலும் முகம் நன்றாகத்தான் இருந்தது. கதவுக் கைப்பிடிகள் உள்ளே மறைந்து கொண்டதை நான் வாய் பிளந்து பார்த்தேன். என் ஒரு நிமிடம் இருபது நிமிடம் ஓடியிருந்தது.

"சார், இன்னும் முடியலீங்களா?" என்றார் அந்த அம்மா.

மாத்திரை திங்கட்கிழமை வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.

"மாத்திரைக்கு வரல சார். பாப்பாவுக்கு நர்ஸு படிப்புக்கு சீட்டு வந்துகுது. அஞ்சு மணிக்குள்ள ஒத்துக்கிறேன்னு அமுக்கலன்னா வேற ஆளுக்குப் போய்டுமாம்."

மணி நாலு இருபத்தெட்டு. சார்ஜ் பதினொன்று.

கீழே பிரவுசிங் சென்டருக்குப் போய் அமுக்குவதாகத்தான் இருந்தார்களாம். மரம் விழுந்துவிட்டது. அண்ணன் போன் செத்து இரண்டு நாள். நர்ஸம்மாதான் சொல்லி அனுப்பியிருக்கிறார், சார் போனைப் பூட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறார், அதில் சார்ஜ் இருக்கும் என்று.

விழாவை மூடி, இருவரையும் பாறை மேல் ஏறச் சொன்னேன். அப்போதுதான் மேடையில் அந்த மனிதர், இனி எல்லோரும் காத்திருந்த விஷயத்துக்கு வருவோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்பதையும் குறித்துவிடுகிறேன்.

கலந்தாய்வுப் பக்கம் திறக்கவே நாலு நிமிடம். வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. அந்தப் பெண் நோட்டிலிருந்து விண்ணப்ப எண்ணைப் படிக்க நான் தட்டினேன். பாஸ்வேர்டு, அதற்குக் கீழே கோணலும் மாணலுமாக ஆறு எழுத்து. முதல் தடவை தப்பு. இரண்டாவது தடவை நான் கண்ணாடியைக் கழற்றி, போட்டு, மறுபடி கழற்றினேன். அவள் பொறுமையிழந்து, கொடுங்க சார் என்று வாங்கி ஒரே மூச்சில் போட்டாள். ஏழு சதவீதம். அவள் திரும்பிவிடாமல் இருக்க அவள் தோளை அம்மா ஆலங்காயம் பக்கம் பிடித்து நிறுத்தினார்.

பிறகு ஓ.டி.பி. அது அம்மாவின் பட்டன் போனுக்கு வர வேண்டும். அந்தப் போனைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. புதன்கிழமை ஏற்றிய சார்ஜில் சனிக்கிழமையும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தது. ஆனால் ஓ.டி.பி. வரவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அவள் வாங்கிப் பார்த்தாள். மெசேஜ் பெட்டி நிரம்பியிருந்தது. கடன் வேண்டுமா, ரீசார்ஜ் செய்யுங்கள், பாட்டு வையுங்கள் என்று அந்த அம்மா திறந்தே பார்க்காத நூற்றுக்கணக்கான செய்திகள். ஒன்றை அழித்தால்தான் இன்னொன்று நுழையும். அவள் என் போனை என்னிடம் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினாள்.

மணி நாலு நாற்பத்தாறு. சதவீதம் ஐந்து. மறுபடி ஓ.டி.பி. கேட்டு நான் பொத்தானை அழுத்தியபோது திரையின் தலைமாட்டில் ஒரு பட்டை இறங்கியது. 'காத்திருப்பு முடிந்தது, அறிமுக விலை வெறும்' என்பது வரை தெரிந்தது. மீதி வெட்டுப்பட்டிருந்தது. ஒரு தொடுதல் போதும். என் கட்டை விரல் அரை அங்குலம் நகர்ந்தது. நகரவில்லை என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தப் பெண் பார்த்துவிட்டாள். போனை என் கையிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டு, அந்தப் பட்டையை ஓரமாகத் தள்ளினாள். பட்டன் போனை என் கையில் வைத்தாள்.

"வந்தா நம்பர மட்டும் சொல்லுங்க சார்."

வந்தது. ஆறு எண்களையும் அம்மா கேட்க உரக்கப் படித்தேன். அவள் தட்டினாள். மூன்று சதவீதம். வட்டம் சுற்றியது. கல்லூரியின் பெயர் வந்தது, அதன் கீழே ஏற்கிறேன் என்ற பொத்தான். அவள் அமுக்கினாள். உறுதியாகவா என்று கேட்டது. மறுபடி அமுக்கினாள். வட்டம் ஒருமுறை சுற்றியது. திரை கறுத்தது.

அவள் கறுத்த திரையை அமுக்கிக்கொண்டே இருந்தாள். போச்சா, போகலையா என்று அம்மா என்னைக் கேட்டார். மருந்துச் சீட்டில் டாக்டரின் கையெழுத்தைப் படித்துவிடுகிற எனக்கு அந்த வட்டத்தின் அரைச் சுற்றைப் படிக்கத் தெரியவில்லை. அந்த விரலை நான் உயர்த்தாமல் இருந்திருந்தால் பதினைந்து சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருந்திருக்கும். இந்தக் கணக்கை மட்டும் என்னால் பிசகில்லாமல் போட முடிந்தது. தூறல் ஆரம்பித்தது. யாரும் பாறையை விட்டு இறங்கவில்லை. பதிவாகியிருந்தால் செய்தி வரும் என்று பட்டன் போனை அந்த அம்மா வாங்கி உள்ளங்கையில் வைத்து, முந்தானையால் மூடி, ஆலங்காயம் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பெண் அழவில்லை. உதட்டைக் கடித்தபடி மணி என்ன என்று கேட்டாள். கைக்கடிகாரத்தைப் பார்த்து நாலு ஐம்பத்தேழு என்றேன். ஐம்பத்தொன்பதும் ஆயிற்று.

ஐந்து மணி தாண்டி இரண்டு நிமிடம் கழித்துத்தான் முந்தானைக்குள் போன் கூவியது. மகள் படித்தாள். தங்கள் ஒப்புதல் பதிவு செய்யப்பட்டது. இன்னொரு முறை படிக்கச் சொன்னார் அம்மா. படித்தாள். அப்புறம் இருவரும் பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். சளி பிடிக்கும், இறங்குங்கள் என்று மட்டும் மருந்தாளுநராகச் சொன்னேன்.

திங்கட்கிழமை காலையில் மரத்தை அறுத்து வழிவிட்டார்கள். முதல் ஜீப்பில் நான் மருந்து எடுக்கப் போனேன், அவர்கள் கல்லூரிக்குப் போனார்கள். நான் டிரைவருக்குப் பக்கத்தில். பின்னால் பத்துப் பேருக்கு நடுவே அந்த அம்மா சனிக்கிழமைக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். என் தியாகம் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். டிரைவர், நீங்க பார்த்துக்கிட்டிருந்தது இன்னா வண்டி சார் என்று கேட்டார். நான் ஆரம்பித்தேன். பேட்டரி, ஒரு சார்ஜில் சென்னை போய் வருவது, மலையிறங்கும்போது தானாகவே கொஞ்சம் சார்ஜ் ஏறுவது, எல்லாவற்றையும் மூன்று கொண்டை ஊசி வளைவுகள் தாண்டும் வரை விளக்கினேன். கரண்ட் வராததால் விலை மட்டும் இன்னும் பார்க்கவில்லை என்றேன்.

பின்னாலிருந்து அந்த அம்மா டிரைவரிடம் சொன்னார்.

"போன்லயே சார்ஜ் வெச்சிக்கத் தெரியல சாருக்கு. இவரு கரண்ட்டு காரு வாங்கி இன்னா பண்ணப் போறாரு?"