ஸ்டிக்கரைக் கிழிச்சது யாரு?

ஒரகடத்தில் நாங்கள் வேலை செய்யும் கம்பெனியில் செல்போனுக்குக் கண்ணைக் கட்டித்தான் உள்ளே விடுவார்கள். கேட்டில் செக்யூரிட்டி, முன்கேமரா பின்கேமரா ரெண்டின் மேலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். பிறகு போன் லாக்கருக்குப் போகும். இடைவேளையில் எடுத்துப் பேசலாம், அவ்வளவுதான். வெளியே போகும்போது ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் நம் சீட்டும் கிழிந்துவிடும்.

மண்ணூர் செங்கமலம் லைனில் எனக்கு அடுத்த ஆள். புருஷன் செத்தபிறகு ஒண்டியாகப் பெண்ணை வளர்க்கிறவள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஸ்டிக்கரில் ஒரு கீறல் கிடையாது. அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. ஒன்பதாவது படிக்கும் மகள் தென்றலுக்குப் போன் வாங்கிக் கொடுத்தபோது, செக்யூரிட்டியிடம் கெஞ்சி ரெண்டு ஸ்டிக்கர் வாங்கிப்போய் அதிலும் ஒட்டிவிட்டாள்.

"இத்த கிழிச்சே, தோல உரிச்சிடுவேன்."

அதோடு கடமை முடிந்ததாம். போனில் யாரோடு பேசுகிறாய் என்று பெண்ணை ஒருநாளாவது கேட்டாளா? நான் சொன்னால், "கேமராவே மூடிக்கீது, இன்னா ஆயிடும்?" என்று என் வாயை அடைப்பாள்.

போன செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் லாக்கரைத் திறந்து போனைக் காதில் வைத்தவள், அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். தென்றல் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள். பிடுங்கி நானும் கேட்டேன்.

"அம்மா, கேம் ஆடசொல்லோ ஒர்த்தி பிரெண்டானா. போட்டோ கேட்டா, யூனிபார்மோட எடுத்து அனுப்பிட்டேன். இப்போ ஆம்பள குரல்ல பேசறான். அத்த அசிங்கமா மாத்தி கிளாஸுக்கே அனுப்புவானாம். ஸ்டிக்கர நான்தாம்மா கிழிச்சேன். இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன். ஏரியாண்ட வந்துட்டேன்."

செம்பரம்பாக்கம் ஏரி. என் போனில் போலீசைக் கூப்பிட்டு இடத்தைச் சொன்னேன். செங்கமலம் மகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கட். மறுபடியும் கட். கடைசியில் தென்றல் எடுத்தாள். ஸ்பீக்கரில் காற்றுச் சத்தமும் விசும்பலும்தான் கேட்டன.

"கண்ணு, பேசுடி..."

"ஸ்டிக்கரு... கிழிஞ்சிப்போச்சிமா..."

அந்தப் பொறுக்கியைவிடப் பெற்ற தாய்க்குத்தான் பிள்ளை அதிகம் பயந்திருக்கிறது! எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. செங்கமலத்துக்கும் அது உறைத்திருக்க வேண்டும். நகத்தால் தன் போன் ஸ்டிக்கரைப் பிய்த்து எறிந்தாள்.

"ஏம்மா, இன்னா பண்றே நீ?" செக்யூரிட்டி ஓடிவந்தார். அவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு வீடியோவைப் போட்டாள்.

"பாருடி. அம்மாவும் கிழிச்சிட்டேன்."

திரையில் வீங்கிய முகம். பின்னால் தண்ணீர்.

"அய்யோ அம்மா! உன்ன வேலய வுட்டு தூக்கிடுவாங்கம்மா!"

"தூக்கட்டும். நான் ஒண்ணியும் சொல்ல மாட்டேன், அடிக்க மாட்டேன். அவன் அனுப்புனத அழிக்காத, போலீசாண்ட காட்டலாம். நீ ரோட்டுக்கு வா. கட் பண்ணாத, அம்மாவ பாத்துகினே நட."

போனைப் பிடுங்க நீட்டிய கையை செக்யூரிட்டி கீழே போட்டார். திரையில் தண்ணீர் ஆடியது, சாய்ந்தது, மறைந்தது. ரோடு தெரிந்தது.