தண்ணீர் ஊற்றாதீர்கள்

காலை ஐந்தே முக்கால் மணி. பாபநாசத்துக்குப் பக்கத்தில் உள்ள அக்கா வீட்டின் கொல்லைக் கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது பலகைதான். சுற்றிலும் செம்பழுப்பாகப் புதுத் தண்ணீர். நடுவில் 'இந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்' என்று நான் எழுதிய வாசகம், கடைசிச் சொல் பாதி நனைந்து. அதற்குப் பின்னால், மேடு முங்கிப்போனதால் தண்ணீரிலிருந்தே முளைத்ததுபோல அத்தானின் நீல மரம்.

அக்காவின் கணவரான அத்தான், குளிர்நாட்டு நாற்றுப்பண்ணை ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தவர். அங்கே அவர் வளர்த்தது ப்ளூ ஸ்ப்ரூஸ்: ஊசி ஊசியாக இலை, அதன்மேல் விபூதி பூசியதுபோல ஒரு நீலம். அவர் ஊரோடு வந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அக்காவுக்கு வேறு பேச்சில்லை. நீண்ட விடுப்பில் வந்தவர் கொடைக்கானலிலிருந்து இடுப்பளவு கன்று ஒன்றை வாங்கிவந்து, மணலும் செங்கல் ஜல்லியும் கலந்து கொல்லையில் மேடு கட்டி நட்டார். "இது இங்க நின்னுடுச்சுன்னா நானும் நின்னுடுறேன். எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான்" என்றார். அன்றிலிருந்து அக்கா அந்தச் செடியைப் பார்த்த பார்வையே வேறு.

வெயிலைப் பச்சை வலை கட்டிச் சமாளித்தார். மனிதர்களைத்தான் சமாளிக்க முடியவில்லை. வேரில் ஈரம் தங்கினால் அழுகிவிடும் என்று எத்தனை முறை சொன்னாலும், கொல்லைப் பக்கம் வந்தவர்கள் எல்லோரும் ஒரு செம்பு ஊற்றிவிட்டே போனார்கள். பக்கத்து வீட்டம்மா அரிசி கழுவிய தண்ணீரைச் சத்து என்று ஊற்றினார். அக்கா தன் பங்குக்கு, தூசி படிந்திருக்கிறதே என்று ஈரத்துணியால் ஒரு கிளையைத் துடைத்தாள். நீலம் என்பது இலைமேல் படியும் மெழுகு. அது துணியோடு வந்துவிட்டது. அந்தக் கிளை சாதாரணப் பச்சையாக நின்றது. அத்தான் நேராக என்னிடம் வந்தார். "மச்சான், பேப்பர்ல எழுதுறவன்தானே நீ? இவங்களுக்குப் புரியற மாதிரி ஒரு வரி எழுதிக் குடு."

பலகையைப் பார்த்த அவருடைய அப்பாவுக்குத் தாங்கவில்லை. "ஆத்துல தண்ணி வுடுன்னு ரோட்டுல உக்காந்தவன் நானு. எம்மவன் தண்ணி ஊத்தாதேன்னு போர்டு வைக்கிறான். வெளிய சொல்லிடாதீங்கடா, பொண்ணு எடுக்க மாட்டானுவ."

அந்த வருடம் அணை திறந்து, ஆற்றுத் தண்ணீர் எங்கள் பக்கம் வந்தது. விவசாயிகள் மகிழ்ச்சி என்ற செய்தியை எழுதிக் கொடுத்துவிட்டு அன்று இரவு அக்கா வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். புதுத் தண்ணீரை முதலில் கொல்லைத் தென்னைக்கு விடுவது பெரியவரின் வழக்கம். விடியுமுன் வாய்க்கால் மடையைத் திறந்துவிட்டிருக்கிறார்.

கொல்லைக் கதவருகே நான் போட்ட சத்தம் கேட்டு அத்தான் மண்வெட்டியோடு ஓடிவந்தார். "என்னப்பா இது? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"ஊத்தக் கூடாதுன்னுதானேடா எழுதியிருக்கு? நான் எங்க ஊத்துனேன்? ஆறுல்ல வந்திருக்கு." முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு பெரியவர் சிரித்தார். அவர்மேல் கோபப்படவும் வழியில்லை. அத்தனை சந்தோஷமாக இருந்தார்.

மடையை அடைத்து, வடிகால் வெட்டி நாங்கள் தண்ணீரை இறக்கினோம். களிமண் ஈரத்தை விடவில்லை. அடிக்கிளை ஊசிகள் ஊதாவாகி, பழுப்பாகி, தொட்டால் கொட்டின. பிறகு நடுக்கிளை. நுனியில் மட்டும் கொஞ்ச நாள் நீலம் இருந்தது. அக்கா தினமும் அந்த நுனியைத்தான் பார்த்தாள். அது பழுத்த வாரம் அத்தான் பயணச்சீட்டு போட்டார். "இன்னொரு கன்னு வெச்சுப் பாருங்களேன்" என்றாள் அக்கா. அவர் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார்.

மேடு இருந்த இடத்தில் இன்று வாழை நிற்கிறது. அத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுகிறார். அவருக்குப் பின்னால் பனியில் வரிசையாக அந்த மரங்கள். பலகை இப்போது கொல்லைத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி. எழுத்து உள்பக்கமாக இருக்கிறது.