மெர்சி போட்ட ஆர்டர் ஃபாரம்

கணபதி என்கிற ஊரில் பம்ப்செட் மோட்டார் செய்யும் பாலகோபாலின் கம்பெனியில் கம்ப்யூட்டர் என்றாலே மெர்சிதான். அப்பாவும் அம்மாவும் தோட்டங்காட்டு வேலைக்குப் போய்ப் படிக்கவைத்த பெண். வியாபாரிகள் இன்டர்நெட்டிலேயே ஆர்டர் அனுப்பட்டும் என்று முதலாளியிடம் அடம்பிடித்து, தொண்ணூற்றொன்பதில் ஒரு வெப்சைட் போட்டாள். கெட்டிக்காரிதான், யார் இல்லையென்றது? ஆனால் ஆர்டர் ஃபாரத்தில் தகப்பனார் பெயர், பிறந்த தேதி, ஃபேக்ஸ் நம்பர் என்று கேட்டுத் தள்ளியிருந்தாள். ஒன்றை விட்டாலும் ‘எரர்’ என்று இங்கிலீஷில் திரையில் ஒரு பெட்டி குதிக்கும். அதுவரை அடித்ததெல்லாம் அழிந்துபோகும்.

அன்னூரில் மோட்டார் கடை வைத்திருக்கும் கருப்பாத்தாள்தான் ஆபீசுக்கு வந்து முதலில் உட்கார்ந்து பார்த்தார். ஒற்றை விரலால் தட்டித் தட்டி அனுப்பினால், பெட்டி குதித்தது. மறுபடி முதலிலிருந்து. மறுபடியும் பெட்டி. எழுந்தேவிட்டார்.

“ஏனம்மணி, நான் மோட்டார் வாங்க வந்தனா, இல்ல எனக்கு மாப்பிள்ளை பாக்கறீங்களா?”

ஆபீசே சிரித்தது. பாலகோபால் சிரிக்கவில்லை.

“திங்கக்கிழமை இவங்க மறுக்கா வாரப்பவும் இப்படின்னா, இதை மூடிப்போடலாம். நீ பழையபடி பில்லு டைப் பண்ணு கண்ணு.”

பாசமாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

“ஃபேக்ஸ் இல்லாதவங்க எதுக்குக் கடை வெக்கறாங்க?” என்று பொருமித் தீர்த்தாள். தீர்ந்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் வீட்டில் போனே கிடையாதே! அப்புறம் ஃபாரத்தைக் கத்தரிக்க ஆரம்பித்தாள். பெயர், ஊர், என்ன மோட்டார், எத்தனை. போதுமடா சாமி. விட்டுப்போனதை மட்டும் ஃபாரம் கேட்கும், அடித்தது அப்படியே நிற்கும். கேட்பதும் இங்கிலீஷ் எழுத்தில் நம் ஊர்ப் பேச்சாக இருக்கும்.

திங்கட்கிழமை கருப்பாத்தாள் முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார். எல்லாம் தட்டினார், ஊரை மட்டும் விட்டுவிட்டார். பெட்டி வந்தது. கருப்பாத்தாள் எழுத்துக்கூட்டிப் படித்தார்: “ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க?”

“அன்னூருங்க!” என்று கம்ப்யூட்டருக்கே சத்தமாகப் பதில் சொன்னார். சிரித்துக்கொண்டே அதைத் தட்டினார். கீழே போய் இன்னொன்றையும் மாற்றினார்.

பிரிண்டரில் வந்த தாளைப் பாலகோபால் கிழித்தெடுத்துப் பார்த்தார்.

“ரெண்டு மோட்டாருன்னுதானுங்க சொன்னீங்க? இதுல பத்துன்னு இருக்குது?”

“இத்தன மரியாதையாக் கேக்கறப்ப ரெண்டோட எப்படிங்க நிறுத்தறது?”

மெர்சிக்குத் தலைகால் புரியவில்லை. “பில்லு டைப் பண்ண வேற ஆளைப் பாத்துக்குங்க சார்!” என்று எல்லோர் முன்னாலும் சொல்லியேவிட்டாள். பாலகோபால் தானே பில்லு டைப் பண்ண உட்கார்ந்தார்.