பதிலாள் பிடித்த பந்துகள்

1. எங்கள் அணித் தலைவர் பேட்டிங் முடித்து வருவார்.
2. முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்.
3. டச்சுக் கல்லறைச் சுவரருகே நிற்கும் அண்ணனைக் கூப்பிடுவார்கள்.
4. தலைவருக்குப் பதிலாக அண்ணன் எல்லைக்கோட்டில் நின்று பந்தைப் பிடிப்பார்.
5. ஸ்கோர் புத்தகத்தில் என் நைனா எழுதுவார்: 'கேட்ச் – பதிலாள்.'

பழவேற்காட்டில் என் சிறுவயது ஞாயிறுகள் இந்த வரிசை மாறாமல் நடந்தன. அண்ணன் என்று நான் கூப்பிட்டவர், ஏரிச் சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் குடும்பத்துக்காரர். யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைக்கும் 'பாடு' பட்டியலில் அவர்களுக்குப் பெயர் கிடையாது. எங்கள் ஊர் அணியும் அந்தப் பட்டியலிலிருந்துதான் எடுக்கப்பட்டது. அவர்களுடைய குடியிருப்புகள் தமக்குள் தனியாகப் போட்டி நடத்திக்கொண்டன. ரன்களை மணலில் குச்சியால் கீறி எண்ணுவார்கள். அங்கே அவர் பெயருக்கு விசில் பறக்கும். கலங்கல் நீரில் இறாலின் துள்ளலை விரல்நுனியில் அறிந்த கை அது. பந்து அதில் விழுந்தால் சத்தம்கூட வராது.

முழங்கால் வலிமேல் எனக்குச் சீக்கிரமே சந்தேகம் வந்தது. ஒரு வாரம் வலது கால், மறுவாரம் இடது. ஆட்டம் முடிந்ததும் அதே கால் சைக்கிள் மிதிக்கும். அண்ணனே சிரித்தபடி கேட்பார்: "தலைவரே, இன்னிக்கு எந்தக் காலு?"

பொன்னேரியில் தாலுகா அணிக்கு ஆள் எடுத்தபோது, பிடித்த கேட்ச்சுகளுக்கு ஸ்கோர் புத்தகம்தான் சாட்சி என்றார்கள். அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். நைனா நிதானமாகப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார்.

"புக்குல உன் பேரே இல்லியேடா. நான் இன்னா பண்ண?"

எழுதியவரே அவர்தான். அண்ணன் தேர்வுக்குப் போகவில்லை.

இப்போது நான் சர்வேயில் டிப்ளமா முடித்து, நிலம் அளக்கும் வேலையிலிருக்கிறேன். நைனா போனபின் புத்தகம் என்னிடம் வந்தது. எண்ணிப் பார்த்தேன்: நாற்பத்தொரு 'பதிலாள்'. போன மாதம் புத்தகத்தோடு அண்ணனைத் தேடிப் போனேன். கரையில் இறால் பிரித்துக்கொண்டிருந்தார், காதோரம் நரைத்திருந்தது.

"எல்லா எடத்துலயும் உங்க பேர எழுதிடறேண்ணே."

அவர் முதலில் என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். பிறகுதான் என்னை.

"இத்தினி வருசம் கழிச்சு என் பேரு இன்னாத்துக்கு பாப்பா? எதுல கையெழுத்து வாங்கப் போற?"

"ஒண்ணுமில்லண்ணே."

"உங்க நைனாவும் அப்டித்தான் சொல்வாரு. ஒண்ணுமில்ல, சும்மா வந்து நில்லுன்னு."

பேனாவை மூடிவிட்டேன். புத்தகம் என் அலமாரியில் இருக்கிறது. நாற்பத்தொரு இடத்திலும் 'பதிலாள்' என்றே இருக்கிறது.